கனெக்டர் முழுவதும் திருகி இறுகிவிட்டது, ஆனால் சிக்னல் குறைந்துவிட்டது: கேபிளா, ஆண்டெனாவா, கனெக்டரா?

கிணற்றடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பில் மூன்று கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் நீர்மட்டத்தையும் மோட்டார் ஓடுவதையும் அறிவிக்கும் சிறிய லோரா கருவி (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்கு வானலையில் செய்தி அனுப்புவது) ஒன்றைப் பொருத்தி, வீட்டில் வைத்திருக்கும் கேட்வே என்ற பெட்டி வழியாக அந்தச் செய்திகளைப் பெற்றுவருகிறேன். கேட்வேயுடன் வந்த ஒரு சாண் நீள ஆண்டெனாவைக் கொண்டே, 600 மீட்டர் தொலைவிலுள்ள கடைசிக் கிணற்றிலிருந்து -104 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) அளவில் சிக்னல் கிடைத்துக்கொண்டிருந்தது. மழை பெய்து மட்டைகள் நனைந்திருக்கும் நாட்களில் சில செய்திகள் விடுபட்டுப்போயின.

அதனால் மொட்டைமாடியில் நான்கு மீட்டர் இரும்புக் குழாய் நட்டு, 865 மெகாஹெர்ட்ஸுக்கான ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா ஒன்றை ஏற்றினேன். ஆண்டெனாவின் அடியில் ‘என்’ வகை ஃபீமேல் (பெண்) கனெக்டர் உள்ளது. அதற்காக, ஒரு முனையில் ‘என்’ மேல் (ஆண்), மறுமுனையில் அதைவிடச் சிறிய எஸ்எம்ஏ வகையின் மேல் என்று விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்த பத்து மீட்டர் கேபிளை இணையத்தில் வாங்கினேன். இரு முனைகளும் எந்தச் சிரமமும் இல்லாமல் திருகி இறுகின. ஆனால் சிக்னல் -117 டிபிஎம் ஆகிவிட்டது. அறைக்குள் இருந்த சின்ன ஆண்டெனாவைவிட 13 டெசிபெல் குறைவு. கேட்வேயின் பின்புறமுள்ள நட்டைக் கையால் லேசாக அசைத்தால் எட்டு, பத்து டெசிபெல் வரை ஏறி இறங்குகிறது. ஆண்டெனா போலியா, அல்லது பத்து மீட்டர் கேபிள் இவ்வளவு தின்றுவிடுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

செப்புக்கம்பி எழுதியது:

ஆண்டெனாவைக் கீழே இறக்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கேட்வே பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி, இரண்டு பாகங்களின் நடுப்பகுதியையும் டார்ச் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். கேட்வேயில் மரை வெளிப்புறம் இருக்கிறதா, உட்புறம் இருக்கிறதா, நடுவில் இருப்பது ஊசியா, துளையா? கேபிள் முனையிலும் இதே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பொட்டலத்தின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது இப்போது தேவையில்லை. நட்டை அசைத்தால் பத்து டெசிபெல் மாறுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கேபிள் இழப்பு அப்படித் துள்ளாது.

கிணற்றடி எழுதியது:

பார்த்துவிட்டேன். கேட்வேயில் வெளிமரை, நடுவில் துளை. கேபிள் முனையில் சுழலும் நட்டு, அதற்குள் உள்மரை. நடுவில் இருப்பதும் துளைதான். கேட்வேயுடன் வந்த சின்ன ஆண்டெனாவையும் எடுத்துப் பார்த்தேன்: அதில் உள்மரை, நடுவில் தங்க நிறத்தில் ஊசி. இப்போது எனக்கே ஏதோ புரிகிறது.

செப்புக்கம்பி எழுதியது:

புரிந்தது சரிதான். உங்கள் கேட்வேயில் இருப்பது வழக்கமான எஸ்எம்ஏ ஃபீமேல். கேபிளில் வந்திருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ மேல். இரண்டின் மரையும் ஒன்றே, அதாவது கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 36 சுற்றும் உள்ள மரை. ஆகவே எந்தத் தடையும் இல்லாமல் கடைசிவரை திருகிக்கொள்ளும். உள்ளே துளையும் துளையும் எதிரெதிரே நிற்கின்றன. வெளிக்கூடு நன்றாகத் தொடுகிறது, நடுக்கம்பி மட்டும் தொடவில்லை, அல்லது விளிம்பில் பட்டும் படாமலும் இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிக் கசிந்து வருவதைத்தான் நீங்கள் -117 என்று பார்க்கிறீர்கள். லோராவின் உணர்திறன் அதிகம் என்பதால் அந்தக் கசிவையும் அது படித்துவிடுகிறது. வைஃபையாக இருந்திருந்தால் இணைப்பே வந்திருக்காது, நீங்களும் முதல் நாளே தவற்றைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதில் பெயரிடும் முறைதான் குழப்பத்தின் வேர். எஸ்எம்ஏ குடும்பத்தில் மேல், ஃபீமேல் என்பதை மரையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். சுழலும் நட்டும் உள்மரையும் இருந்தால் மேல். வெளிமரை இருந்தால் ஃபீமேல். வழக்கமான எஸ்எம்ஏவில் மேலுக்கு ஊசியும் ஃபீமேலுக்குத் துளையும் இருக்கும். ஆர்பி என்பது தலைகீழ் முனைமை என்பதன் சுருக்கம். அதில் மரை அப்படியே இருக்க, நடுப்பகுதி மட்டும் இடம் மாறும். எனவே ஆர்பி-எஸ்எம்ஏ மேலுக்கு உள்மரையும் துளையும், ஆர்பி-எஸ்எம்ஏ ஃபீமேலுக்கு வெளிமரையும் ஊசியும் உண்டு. விற்பவர் நட்டை மட்டும் பார்த்து ‘மேல்’ என்று எழுதியிருப்பார்; ஆர்பி என்ற இரண்டு எழுத்தை விட்டுவிட்டார். ஆர்டர் செய்யும்போது ‘உள்மரை, ஊசி’ என்றோ ‘உள்மரை, துளை’ என்றோ நீங்களே எழுதிக் கேளுங்கள். பெயரைக் கொண்டு கேட்டால் ஆளுக்கு ஒரு பொருள் வந்து சேரும்.

நீங்கள் அதிர்ஷ்டசாலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளைக்குத் துளை சேர்ந்தால் கனெக்டர் எதுவும் கெடாது. இதன் மறுபக்கமான ஊசிக்கு ஊசி சேர்ந்தால்தான் சேதம்.

மொட்டைமாடி எழுதியது:

அந்த மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன். வீட்டு வைஃபை ரூட்டரில் வெளிமரையும் ஊசியுமாக ஆர்பி-எஸ்எம்ஏ ஃபீமேல் இருந்தது. பழைய 4ஜி ஆண்டெனா ஒன்று கைவசம் இருந்ததால் அதை அதில் திருகினேன். கடைசி ஒரு சுற்று இறுக்கமாக இருந்தது. மரையில் தூசி என்று நினைத்துக் குறட்டால் திருகிவிட்டேன். கழற்றிப் பார்த்தபோது ஆண்டெனாவின் ஊசி வெள்ளை டெஃப்லானுக்குள் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது, ரூட்டரின் ஊசி சாய்ந்து கிடந்தது. ஆண்டெனா போனது போகட்டும், ரூட்டர் பலகையிலேயே பற்றவைத்த கனெக்டரை மாற்ற ஒரு நாள் போனது.

இங்கே என் சந்தேகம் ஒன்று. ஒரே மரையை வைத்துக்கொண்டு நடுவை மட்டும் மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? இதனால் யாருக்கு என்ன நன்மை?

செப்புக்கம்பி எழுதியது:

தோன்றியது பொறியாளருக்கு அல்ல, சட்டத்துக்கு. ஐக்கிய அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் பகுதி 15, பிரிவு 15.203 என்று ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் இயங்கும் கருவிகளில் ஆண்டெனா நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது கருவிக்கே உரிய தனித்த இணைப்பியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வாங்கியவர் கடையில் கிடைக்கும் அதிகத் திறனுள்ள ஆண்டெனாவை மாட்டி, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடக் கூடாது என்பது நோக்கம். நடைமுறையில் இருந்த கனெக்டர்களின் நடுப்பகுதியைத் தலைகீழாக்கி, ‘இது தனித்த இணைப்பிதான்’ என்று உற்பத்தியாளர்கள் வழிகண்டுகொண்டார்கள். லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற புகழ்பெற்ற நீல ரூட்டரில் டிஎன்சி என்ற இன்னொரு மரைக் கனெக்டரின் தலைகீழ் வடிவம் இருந்தது அதனால்தான். பிறகு எல்லோரும் ஆர்பி-எஸ்எம்ஏவைப் போட ஆரம்பித்ததும் அது கடைக்குக் கடை கிடைத்தது. தனித்தது என்ற பொருளே போய்விட்டது. குழப்பம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஒரு பொதுவான அடையாளம் சொல்லலாம். வைஃபை ரூட்டர்களிலும் வைஃபை ஆண்டெனாக்களிலும் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ. 4ஜி, ஜிபிஎஸ், அமெச்சூர் வானொலி, அளவீட்டுக் கருவிகள் ஆகியவற்றில் பெரும்பாலும் வழக்கமான எஸ்எம்ஏ. தொழிற்சாலைகளில் வைக்கும் ரூட்டர்களில் ஒரே பெட்டியின் பின்புறம் 4ஜிக்கு எஸ்எம்ஏவும் வைஃபைக்கு ஆர்பி-எஸ்எம்ஏவும் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். லோராவில் இரண்டும் கலந்து வருகின்றன, எனவே அங்கே கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மோர்ஸ்காரர் எழுதியது:

மரையை வைத்துப் பார்த்தால்கூடக் குழம்பும் இடம் எங்கள் அமெச்சூர் வானொலியில் இருக்கிறது. பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் கருவியின் உச்சியில் எஸ்எம்ஏ ஃபீமேல் இருக்க, ஆண்டெனாவில் ‘மேல்’ கனெக்டர் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆரில் இது மாறி, கருவியில் ஊசியுள்ள ‘மேல்’ கனெக்டரும் ஆண்டெனாவில் ஃபீமேலும் வரும். இது தலைகீழ் முனைமை அல்ல. இரண்டுமே முறையான எஸ்எம்ஏ, இடம் மட்டும் மாறியிருக்கிறது. இதையும் ஆர்பி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இத்தனை பொடிப் பொருளை மாடி ஆண்டெனாவுக்குப் பயன்படுத்தாமல், கேட்வே பக்கமும் பிஎல்-259, எஸ்ஓ-239 என்ற பழைய பெரிய கனெக்டர் ஜோடியைப் போட்டால் என்ன? முப்பது வருடமாக என் வீட்டில் அதுதான். கையுறை போட்டுக்கொண்டும் திருகலாம், தடித்த கேபிளை நேராகப் பற்றவைக்கலாம்.

செப்புக்கம்பி எழுதியது:

ஐயா, நீங்கள் இயங்கும் அலைவரிசையில் உங்கள் அனுபவம் முழுக்க உண்மை. 1930களில் ஆம்ஃபினால் நிறுவனத்தில் குவாக்கன்புஷ் வடிவமைத்த அந்தக் கனெக்டருக்கு யூஹெச்எஃப் என்று பெயர் இருந்தாலும், அன்று 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது எல்லாமே அவர்களுக்கு மிக உயர்ந்த அலைவரிசைதான். கருவி, கேபிள், ஆண்டெனா எல்லாவற்றுக்கும் பொருந்தியிருக்க வேண்டிய 50 ஓம் என்ற மின்மறுப்பு அளவு அதன் உள்ளமைப்பில் காக்கப்படுவதில்லை. 144 மெகாஹெர்ட்ஸ் வரை அந்தக் குறை அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறிது என்பதால் கவலையில்லை. 300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். 865இல் நான் அதைப் போட மாட்டேன். அதோடு அதற்கு மழைநீரைத் தடுக்கும் ரப்பர் வளையமும் கிடையாது.

மாடிக்குச் சரியானது ‘என்’ வகைதான். 1940களில் பெல் ஆய்வகத்தில் பால் நீல் வடிவமைத்தது. அவருடைய பெயரின் முதலெழுத்துத்தான் அந்த ‘என்’. சாதாரண வகையே 11 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், உள்ளே ரப்பர் வளையம் உண்டு, தடித்த கேபிளின் எடையையும் தாங்கும். பூட்டு முறையைக் குறிக்கும் ‘பி’யோடு அதே நீலின் முதலெழுத்தும் ஆம்ஃபினாலின் கார்ல் கான்சல்மனின் முதலெழுத்தும் சேர்ந்ததுதான் பிஎன்சி. கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் அது ஆஸிலாஸ்கோப்பிலும் பழைய சிசிடிவியிலும் எல்லோரும் பார்த்ததே. பூட்டு ஆடினால் சிக்னலில் இரைச்சல் சேர்கிறது என்பதற்காக அதற்கே மரை போட்டபோது டிஎன்சி ஆயிற்று. எஸ்எம்ஏ 1960களில் வந்தது. 18 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் துல்லியம் அதற்கு உண்டு, ஆனால் அது பெட்டிக்குள்ளும் மேசைமேலும் வாழவேண்டிய பொருள். செல்பேசிக் கோபுரங்களில் இன்னும் பெரிதாக 7/16 டின் வகை வரும். நம் வேலைக்கு அது தேவையில்லை.

குடைக்காரர் எழுதியது:

நான் கேபிள் டிவி, டிடிஹெச் வேலை செய்பவன். கிணற்றடி அவர்கள் கேபிளை மாற்றத்தான் போகிறார் என்றால் ஒரு யோசனை. எங்களிடம் ஆர்ஜி-6 என்ற 75 ஓம் டிவி கேபிள் சுருள் சுருளாகக் கிடக்கிறது. எஃப் கனெக்டருக்குத் தனியாக ஊசியே வேண்டாம், கேபிளின் நடுக்கம்பியே ஊசி. ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். 75 ஓம், 50 ஓம் என்று இங்கே பலர் பயமுறுத்துவார்கள். டிடிஹெச் குடையிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை. அதையே முப்பது மீட்டர் ஓட்டுகிறோம். 865 எம்மாத்திரம்?

செப்புக்கம்பி எழுதியது:

பயமுறுத்தப் போவதில்லை, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாதம் இங்கே பலர் நினைப்பதைவிட வலுவானது.

900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஆர்ஜி-6 மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழக்கும். பத்து மீட்டருக்கு 2. அதே நீளத்துக்கு, 50 ஓம் கேபிள்களில் ஆர்ஜி-58 ஐந்து முதல் ஆறு டெசிபெல் வரை, எல்எம்ஆர்-200 சுமார் 3.3, எல்எம்ஆர்-400 சுமார் 1.3 டெசிபெல் இழக்கும். மெல்லிய ஆர்ஜி-174 போட்டால் பத்து டெசிபெல் போய்விடும். அதாவது இழப்பில் ஆர்ஜி-6 பல ஐம்பது ஓம் கேபிள்களை வென்றுவிடுகிறது.

50 ஓம் ஆண்டெனாவுக்கும் 50 ஓம் கேட்வேக்கும் நடுவில் 75 ஓம் கேபிள் வந்தால் ஒவ்வொரு முனையிலும் பொருத்தம் குலையும். அதன் விளைவு கேபிளின் நீளத்தைப் பொறுத்தது. நீளம் சரியாக அரை அலைநீளத்தின் மடங்காக அமைந்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்காக அமைந்தால் ஆண்டெனா 112.5 ஓமாகத் தெரியும், நிலையலை விகிதம் (பொருத்தக் குலைவின் அளவு, 1 என்றால் குலைவே இல்லை) 2.25 ஆகும், திறனில் சுமார் 15 சதவீதம் திரும்பும். இழப்பாகச் சொன்னால் அதிகபட்சம் 0.7 டெசிபெல். ஆக மோசமான நிலையிலும் மொத்தம் 2.7, ஆர்ஜி-58இல் பாதி.

ஆனாலும் நான் இதைக் கிணற்றடிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் கேபிள் அல்ல, கனெக்டர். ஆர்ஜி-58க்கான ‘என்’ அல்லது எஸ்எம்ஏ கிரிம்ப் (நசுக்கிப் பொருத்தும்) கனெக்டருக்குள் ஆர்ஜி-6 நுழையாது. எஃப் கனெக்டரைப் போட்டு, எஃப்பிலிருந்து எஸ்எம்ஏவுக்கு ஓர் அடாப்டர், மேலே எஃப்பிலிருந்து ‘என்’னுக்கு இன்னோர் அடாப்டர் என்று போக வேண்டும். நல்ல கனெக்டர் ஒன்றில் இழப்பு 0.1 டெசிபெல்லை ஒட்டியே இருக்கும், அது பெரிதல்ல; ஆனால் மாடியில், வெயிலில், மழையில் ஒவ்வொரு மூட்டும் தண்ணீர் இறங்கும் ஒரு வாசல். கேபிளைப் பற்றி விவாதிப்பவர்கள் மூட்டுகளை எண்ண மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, ‘என்’ வகையிலேயே 75 ஓம் வடிவமும் உண்டு, அதன் ஊசி மெலிது. 50 ஓம் மேலின் தடித்த ஊசியை 75 ஓம் ஃபீமேலில் திணித்தால் உள்ளே இருக்கும் இதழ்கள் விரிந்து கெட்டுவிடும். பழைய இருப்புகளில் அந்தக் கனெக்டர் கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள்.

குடைக்காரர் எழுதியது:

மூட்டுக்கு ஒரு வாசல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வேலையில் மழை முடிந்ததும் வரும் புகார்களில் பெரும்பாலானவை கேபிளால் அல்ல, குடையின் பின்புறமுள்ள அந்த எஃப் கனெக்டரால்தான். ஒரு வீட்டில் கனெக்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டிப் பார்த்தேன். வெள்ளியாக இருக்க வேண்டிய வெளிக்கம்பிப் பின்னல் கருத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. இன்னும் ஒரு முழம் தள்ளி வெட்டினால் அங்கும் ஈரம். விளக்குத் திரி எண்ணெய்யை இழுப்பதுபோல் பின்னல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். எனவே கனெக்டரை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் அடுத்த வாரமே மறுபடியும் அழைப்பு வரும்.

கிணற்றடி அவர்கள் ஆண்டெனாவின் அடியில் ‘என்’ கனெக்டரைத் திருகியபின் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றட்டும். சுற்றைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோக வேண்டும்; அப்போதுதான் மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் ஓட்டுக் கூரைபோல் படியும். அதன்மேல் சாதாரண பிவிசி டேப் ஓர் அடுக்கு, வெயிலுக்கு. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஈயப்பற்று எழுதியது:

எல்லோரும் கேட்வே பக்கமே பேசுகிறீர்கள். மோட்டார் அறையில் இருக்கும் கருவியையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான லோரா பலகைகளில் ஆண்டெனா நேராகப் பலகையில் இணைவதில்லை. மிளகுக்கும் சிறிய வட்டமான யூ.எஃப்.எல் கனெக்டர் ஒன்று பலகையில் இருக்கும், அதிலிருந்து 1.13 மி.மீ. தடிப்புள்ள கம்பி பெட்டியின் சுவரில் உள்ள எஸ்எம்ஏ வரை போகும். இதைத்தான் பிக்டெயில் என்கிறார்கள். யூ.எஃப்.எல் என்பது ஹிரோஸே நிறுவனம் வைத்த பெயர், அதையே ஐபெக்ஸ் என்றும் ஐபிஎக்ஸ் என்றும் விற்கிறார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து இதுதான். வெளியே ஆண்டெனாவை இறுக்கும்போது பெட்டிச் சுவரில் உள்ள எஸ்எம்ஏ உடம்பும் சேர்ந்து சுழலும். உள்ளே அந்த மெல்லிய கம்பி முறுக்கிக்கொண்டு, யூ.எஃப்.எல் தலையை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். பார்ப்பதற்கு மாட்டியபடியே இருக்கும், நடுவில் மட்டும் தொடாது. சரியாக அமர்ந்தால் விரல் நுனியில் ‘டிக்’ என்று உணரலாம். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல், தலையின் விளிம்புக்கு அடியில் கொக்கி கொடுத்து நேர் மேலே தூக்க வேண்டும். இந்தக் கனெக்டர் 30 முறை மாட்டிக் கழற்றுவதற்காக மட்டுமே உருவாக்கப்பட்டது. எஸ்எம்ஏ 500 முறை தாங்கும். சோதனைக்காகத் தினமும் கழற்றி மாட்டுபவர்கள் எஸ்எம்ஏ பக்கத்திலேயே அதைச் செய்யட்டும்.

மடிக்கணினியின் வைஃபை கார்டை மாற்றுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பழைய மினி பிசிஐஇ கார்டுகளில் யூ.எஃப்.எல் அளவு, இன்றைய எம்.2 கார்டுகளில் அதைவிடச் சிறிய எம்ஹெச்எஃப்4. இணைந்தபின் உயரத்தில் ஏறத்தாழ பாதிதான். ஒன்றுக்கு வாங்கிய கம்பி மற்றதில் அமராது. அழுத்தினால் கார்டில் உள்ள தலை நசுங்கிவிடும்.

மொட்டைமாடி எழுதியது:

எஸ்எம்ஏவை எவ்வளவு இறுக்க வேண்டும்? என் பழைய குறடு அனுபவத்துக்குப்பின் இப்போது விரலால் மட்டும் திருகுகிறேன், அது போதுமா என்பது தெரியவில்லை.

ஈயப்பற்று எழுதியது:

கையடக்க ஆண்டெனாவுக்கு விரலே போதும். கேபிளுக்கு 8 மி.மீ. ஸ்பேனரால், விரல் நின்ற இடத்திலிருந்து ஒரு சிறு இழுப்பு. பித்தளை எஸ்எம்ஏவுக்குச் சுமார் 0.5 நியூட்டன் மீட்டர். அது எவ்வளவு என்றால், ஸ்பேனரைப் பிடியின் கடைசியில் இரண்டு விரலால் பிடித்துத் தள்ளும் அளவு. முக்கியம் வேறு: நட்டை மட்டும் சுழற்றுங்கள், கேபிளின் உடம்பைச் சுழற்றாதீர்கள். உடம்பு சுழன்றால் ஊசி துளைக்குள் துரப்பணம்போல் அரைத்துத் தங்கப் பூச்சைச் சுரண்டிவிடும்.

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆர்பியை எஸ்எம்ஏவாக மாற்றும் சிறு அடாப்டர் ஒன்றைப் போடுவதா, அல்லது முனையையே வெட்டி மாற்றுவதா? மேலும், மல்டிமீட்டரால் சோதித்தபோது ஆண்டெனாவின் நடுத் துளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ‘பீப்’ அடிக்கிறது. அப்படியானால் ஆண்டெனாவும் ஷார்ட் ஆகிவிட்டதா?

செப்புக்கம்பி எழுதியது:

பீப் அடிப்பதால் ஆண்டெனா கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டெனாக்களில், நிலைமின்னூட்டம் இறங்குவதற்காகவும் பொருத்தத்துக்காகவும், நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாகத் தெரியும் அமைப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். மீட்டர் பார்ப்பது நேர்மின்னோட்டம், ஆண்டெனா வாழ்வது 865 மெகாஹெர்ட்ஸில். கேபிளை மட்டும் இரு பக்கமும் கழற்றிச் சோதியுங்கள்: நடுவுக்கு நடு பீப் வேண்டும், கூட்டுக்குக் கூடு பீப் வேண்டும், நடுவுக்கும் கூட்டுக்கும் நடுவே பீப் கூடாது. இதில் தேறினால் கேபிள் நலம். ஆனால் எதிர்க் கனெக்டரோடு அது சேர்கிறதா என்பதை மீட்டர் சொல்லாது, அதைக் கண்தான் சொல்லும்.

அடாப்டர் அறைக்குள்ளேதான் வரும் என்பதால் தற்காலிகமாகப் போடலாம். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் வெளிமரையும் ஊசியும், மறுபக்கம் உள்மரையும் ஊசியும் உள்ளது. நிரந்தரத்துக்கு முனையை வெட்டி, கேபிளின் தடிப்புக்கு ஏற்ற எஸ்எம்ஏ மேலைக் கிரிம்ப் செய்யுங்கள். கேபிளின் உறைமேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆர்ஜி-58க்கும் எல்எம்ஆர்-200க்கும் வெளித்தடிப்பு நெருங்கியே இருந்தாலும் நடுக்கம்பி வேறு. இன்னொன்று, கேட்வேயில் ஆண்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அதுவும் செய்தி அனுப்பும் கருவி. முனை திறந்திருந்தால் திரும்பி வரும் திறன் உள்ளே இருக்கும் பெருக்கியைச் சேதப்படுத்தலாம்.

மோர்ஸ்காரர் எழுதியது:

நான்கு மீட்டர் இரும்புக் குழாய் என்கிறீர்கள், சுற்றிலும் தென்னை வேறு. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் வைத்த மின்னல் தடுப்பான் ஒன்று போடுங்கள். ‘என்’ ஃபீமேலுக்கு ‘என்’ ஃபீமேல் என்றே கிடைக்கும். அதிலிருந்து தடித்த செம்புக் கம்பியை நேராக நிலத்தடி எர்த்துக்கு இறக்குங்கள், இரும்புக் குழாய்க்கும் அதே எர்த். நேரடி இடியை அது தாங்காது, அக்கம்பக்கத்தில் விழும் இடியின் தூண்டலைத் தாங்கும். பிஎல்-259 விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 865க்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

கிணற்றடி எழுதியது:

எட்டு நாட்களுக்குப்பின் எழுதுகிறேன். கேபிளின் உறையில் எல்எம்ஆர்-200 என்று அச்சிட்டிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதற்கான எஸ்எம்ஏ மேல் கிரிம்ப் கனெக்டர்கள் மூன்று வாங்கினேன். முதல் கனெக்டரில் பின்னலின் ஓர் இழை உள்ளே ஊசியைத் தொட்டுவிட்டது, மீட்டர் காட்டிக்கொடுத்தது, வீணாயிற்று. இரண்டாவது சரியாக அமைந்தது. மாட்டியவுடன் கடைசிக் கிணறு -89 டிபிஎம். நட்டை அசைத்தாலும் எண் அசையவில்லை.

ஈயப்பற்று அவர்கள் சொன்னபடி மோட்டார் அறைப் பெட்டிகளையும் திறந்தேன். மூன்றாவது கிணற்றுப் பெட்டியில் கம்பி ஒன்றரைச் சுற்று முறுக்கியிருந்தது, யூ.எஃப்.எல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டிச் சுவரின் நட்டைத் தளர்த்தி, முறுக்கைப் பிரித்து, தலையை மறுபடி அழுத்தியபோது அந்த ‘டிக்’ விரலில் தெரிந்தது. இப்போது -83. குடைக்காரர் சொன்ன முறையில் டேப்பும் சுற்றியாயிற்று, வளைவும் விட்டாயிற்று. மின்னல் தடுப்பான் வந்துகொண்டிருக்கிறது.

வெட்டி எடுத்த ஆர்பி-எஸ்எம்ஏ முனை ஒரு முழக் கேபிளோடு மேசைமேல் கிடக்கிறது. அதில் ஒரு சீட்டுக் கட்டி ‘உள்மரை, துளை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மொட்டைமாடி எழுதியது:

என் ரூட்டரில் வெளிமரை, ஊசி. அந்த முனை எனக்குச் சரியாகப் பொருந்தும். எறிந்துவிடாதீர்கள், அஞ்சல் செலவை நான் கொடுக்கிறேன்.

கிணற்றடி எழுதியது:

தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். மீந்திருக்கும் மூன்றாவது கனெக்டர் எனக்கு வேண்டும், அதைக் கேட்காதீர்கள்.